பெப்புவில் ஓர் ஒற்றுப்பிழை

அக்டோபர் 9, புதன். ஃபுகுவோகா

இன்று செய்தவை: மூக்குக்கண்ணாடியின் திருகை இறுக்கினேன். பால்கனியில் காய்ந்த துணிகளை மடித்து வைத்தேன். சம்பந்தியோடு சண்டை போட்டேன். மூன்றாவது, காலையில் போட்ட திட்டத்தில் இல்லை.

சண்டை என்பதும் சற்று மிகைதான். காலை உணவின்போது அவர், "இந்த ஜப்பான்ல ஒரு செவுத்துல கூடப் போஸ்டர் இல்லீங்க" என்றார். நான் "சுவரில்" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். கல்லூரியில் ஆயுள் முழுவதும் இலக்கணம் நடத்திய வாய். அதுவாகவே சொல்லிவிடுகிறது.

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். "செவுத்துலங்கறது உங்களுக்குப் புரிஞ்சுதுங்களா, இல்லீங்களா?"

"புரிஞ்சுதுங்க."

"அப்பறம் என்னத்துக்குங்க வாத்தியாரே? நான் என்ன பரிட்சையா எழுதறேன்?"

இவர் பெயர் அர்த்தநாரி. ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருக்கிறார். என் மகள் இளவேனிலின் மாமனார். எட்டு ஆண்டுகளுக்கு முன் இவர் அச்சடித்த கல்யாணப் பத்திரிகையில் பதினோர் இடங்களில் ஒற்று விட்டுப்போயிருந்தது. தலைப்பிலேயே 'திருமண பத்திரிகை'. நான் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினேன். ஆயிரம் பத்திரிகையையும் மறுபடி அடித்தார். அன்றுமுதல் நான் அவருக்குச் 'சம்பந்தி' அல்லன். 'வாத்தியார்'.

வேனிலுக்கு இது ஏழாம் மாதம். உதவிக்கு என்று அவரும், அவர் மனைவி பாவாயி அம்மாளும், நானும் வந்திருக்கிறோம். வீடோ சிறியது. பாய் விரித்த ஓர் அறையில் அவரும் நானும் முதுகு காட்டிப் படுத்துக்கொள்கிறோம்.

மாலையில் வேனில் என்னைத் தனியே கூப்பிட்டாள். "அப்பா, எனக்கு பிரஷர் ஏறுதுன்னு டாக்டர் சொல்றார். நீங்க ரெண்டு பேரும் இப்படியே மூஞ்சியத் திருப்பிக்கிட்டு இருந்தா முடியாது. யாராவது ஒருத்தர் ஊருக்குப் போயிடுங்க."

யார் என்று அவள் சொல்லவில்லை. நானே யோசித்தேன். பாவாயி அம்மாளுக்கு ரசம் வைக்கத் தெரியும். எண்ணெய் தேய்த்துவிடத் தெரியும். அவர் இருந்தால் கணவரும் இருப்பார். எனக்கு வல்லினம் மிகும் இடங்கள் தெரியும்.

குழந்தை டிசம்பரில். என் மனைவி சுலோசனா போய் மூன்றாண்டு ஆகிறது. வேனில் ஒரே மகள். குழந்தையின் முகத்தைப் பார்க்காமல் போக எனக்கு மனமில்லை. இதை இங்கே எழுதுவதற்கே கூச்சமாக இருக்கிறது.

அக்டோபர் 10, வியாழன்

மருமகன் சிபி ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறான். சனிக்கிழமை எல்லாரும் பெப்பு என்ற ஊருக்குப் போகிறோம். அங்கே தரையிலிருந்து ஆவி கிளம்புமாம். அந்த ஆவியிலேயே சமைத்துச் சாப்பிட்டு, வெந்நீர் ஊற்றில் குளித்துவிட்டு அன்றே திரும்பலாமாம்.

"ஒரே தொட்டியில உக்காந்தா எல்லாம் சரியாயிரும் மாமா. எங்க ஆபீஸ்ல சண்டைன்னாகூட அப்படித்தான் தீத்துக்குவாங்க."

"குளிக்கிறதுக்கு வேட்டி எடுத்துக்கணுமா?"

"ஒண்ணுமே கட்டக் கூடாதுங்க மாமா."

"ஒண்ணுமேன்னா?"

"ஒண்ணுமே."

அர்த்தநாரி குறுக்கிட்டார். "கோவணம்?"

"அதுவும் கூடாதுப்பா."

"சரி போ. காத்தோட்டமா இருக்கும்" என்றார்.

சிபி இன்னொன்றும் சொன்னான். "பச்சை குத்தியிருந்தா உள்ள விடமாட்டாங்க. இங்க ரவுடிங்கதான் குத்திக்குவாங்கன்னு ஒரு எண்ணம். நம்மள்ல யாரு குத்தியிருக்கப்போறா!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சற்றுத் தாமதமாக.

அக்டோபர் 11, வெள்ளி

எழுதத்தான் வேண்டும்.

கல்லூரியில் சேர்ந்த ஆண்டு மொழிப் போராட்டம். நான் அப்போது வேதியியல் மாணவன். ஊர்வலம் முடிந்து திரும்பும் வழியில், பொருட்காட்சி மைதானத்தில் பச்சை குத்தும் ஓர் அம்மாள் இருந்தார். நான் ஒரு துண்டுத்தாளில் வாசகத்தை எழுதிக் கொடுத்தேன். அவர் அதை அப்படியே என் நெஞ்சின் குறுக்கே ஒரு வரியாகக் குத்தினார்:

தமிழ் தாய் வாழ்க

தமிழுக்கும் தாய்க்கும் நடுவே ஒரு 'த்' வரவேண்டும். தமிழ்த்தாய். வரவில்லை. அடுத்த ஆண்டு தமிழ் வகுப்பில் ஆசிரியர் அந்த விதியைக் கரும்பலகையில் எழுதியபோது சட்டைக்குள் எனக்கு வியர்த்து ஊற்றியது. அதன் பிறகுதான் வேதியியலை விட்டுத் தமிழ் படிக்கப் போனேன். என்மேல் இருந்ததைத் திருத்த வழியில்லை. மற்றவர்களுடையதைத் திருத்தினேன்.

சுலோசனா முதன்முதலில் பார்த்தபோது "நல்லா இருக்கே" என்றாள். பிழை அவள் கண்ணில் படவில்லை. நானும் சொல்லவில்லை. வேனில் பார்த்ததே இல்லை. குற்றாலத்தில்கூடப் பனியனோடுதான் குளித்திருக்கிறேன்.

நாளை அர்த்தநாரி பார்த்தால் என்ன ஆகும்? ஈரோடு முழுவதும் சிரிக்கும். நானே டிக்கெட் எடுத்துக்கொண்டு கிளம்பவேண்டியதுதான்.

மதியம் தெருமுனை மருந்துக்கடைக்குப் போனேன். தோல் நிறத்தில், உள்ளங்கை அகலத்தில் பிளாஸ்திரிகள் இருந்தன. உறையில் ஒரு முதியவர் சட்டையில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். மறைத்ததால் வந்த சிரிப்பு என்று எடுத்துக்கொண்டேன். கடைப் பெண்ணிடம் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவள் முகத்தில் கனிவு. இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தாள். ஒன்று 'தமிழ் தாய்' அளவுக்குச் சரி. இன்னொன்று 'வாழ்க'வுக்கு.

அக்டோபர் 12, சனி. பெப்பு சென்று திரும்பியபின்

வரிசையாக எழுதுகிறேன்.

புறப்படுவதற்கு முன் குளியலறையில் இரண்டு பிளாஸ்திரியையும் ஒட்டி, மேலே பனியன், அதன்மேல் சட்டை. காரில் நானும் அர்த்தநாரியும் ஆளுக்கொரு சன்னலைப் பார்த்துக்கொண்டு போனோம். நடுவில் பாவாயி அம்மாள், மடியில் இட்லி மாவுத் தூக்கோடு.

பெப்புவில் ஊரே புகைகிறது. வீட்டு ஓரம், சாக்கடை மூடி, கோயில் வாசல், எங்கு பார்த்தாலும் ஆவி. கொதிக்கும் குளங்கள் சில உண்டு. அவற்றுக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் நரகம். சீட்டு வாங்கிக்கொண்டு நரகம் பார்க்கிறார்கள். ஒன்று நீலம். ஒன்று செக்கச்செவேல்.

"மஞ்ச நெறத்துல ஒண்ணும் வெக்கலீங்களா?" என்று அர்த்தநாரி வருத்தப்பட்டார்.

சமைக்கும் இடத்தில் கல்தொட்டிகள். அடியிலிருந்து ஆவி சீறிக்கொண்டு வருகிறது. பூசணி, சர்க்கரைவள்ளி, சோளம், முட்டை என்று கூடையில் வைத்துக் கொடுத்தார்கள். நாமே உள்ளே இறக்கவேண்டும். பாவாயி அம்மாள் இட்லித் தட்டை வெளியே எடுத்தார். அங்கே வேலை செய்யும் வயதான பெண்மணி குனிந்து பார்த்தார். சிபி ஏதோ விளக்கினான். அவர் யோசித்து, தடித்த கையுறைகளை மாட்டிக்கொண்டு, தட்டைத் தாமே இறக்கினார்.

வெந்த இட்லியில் லேசாகக் கந்தக வாசனை. உப்பும் ஒரு கல் கூடுதல். ஆனால் பஞ்சு. அந்தப் பெண்மணி ஒரு விள்ளல் வாயில் போட்டு "ஓய்ஷி" என்றார். ருசி என்று அர்த்தமாம்.

"நரகத்துலயும் எங்கூட்டுக்காரி இட்லியத்தான் திங்கோணும்னு விதி" என்றார் அர்த்தநாரி. பாவாயி அம்மாள் கரண்டியால் அவர் கையில் ஒன்று வைத்தார். அர்த்தநாரி பிறகு கோழிப் பஜ்ஜி மாதிரியான தோரிதென் என்ற ஒன்றை இரண்டு தட்டுச் சாப்பிட்டார். நான் பூசணியோடு நிறுத்திக்கொண்டேன். நெஞ்சுக்குள் ஏதோ கதகதப்பாக இருந்தது. பயம் என்று நினைத்தேன்.

பிறகு குளியல். நீலத் திரை ஆண்களுக்கு. பெண்கள் இருவரும் மறுபக்கம் போனார்கள். குளிக்க அல்ல, வெந்நீரில் காலை நனைத்துக்கொள்ள.

அர்த்தநாரி ஒரே மூச்சில் எல்லாவற்றையும் களைந்துவிட்டு, கடை திறக்கப் போகிறவர்போல உள்ளே நடந்தார். நான் பனியனை நான்காக மடித்து வைத்தேன். பிரித்து மறுபடியும் மடித்தேன். இனி மடிக்க எதுவும் இல்லாதபோது உள்ளே போனேன்.

முதலில் குட்டி முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டுக் கழுவவேண்டும். இது விதி. கழுவினேன். நன்றாகவே கழுவிவிட்டேன் போலிருக்கிறது. இடப்பக்கப் பிளாஸ்திரி வழுக்கி இறங்கி, நுரையோடு வாய்க்காலில் போய்விட்டது.

பக்கத்து முக்காலியிலிருந்து குரல். "அட! இதென்னுங்க? வாழ்கன்னு போட்டிருக்குது?"

கையை வைத்து மறைத்தேன்.

"யாரு வாழ்க?" எட்டிப் பார்த்தார். இன்னொரு பிளாஸ்திரி ஒழுங்காக ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் குரல் தணிந்தது. "பேர மட்டும் ஒட்டி மூடீட்டீங்களா?"

தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டேன்.

"வாத்தியாரே!" என்றார். அந்தக் குரலில் இதுவரை நான் கேட்டிராத மரியாதை இருந்தது.

எழுந்து தொட்டிக்குப் போனேன். ஓடக் கூடாது என்று படம் போட்டிருந்ததால் வேகமாக நடந்தேன். கழுத்துவரை அமிழ்ந்தேன். சிபி அந்தக் கோடியில் கண்ணை மூடி மிதந்துகொண்டிருந்தான். ஜப்பானியர் சிலர் துண்டை மடித்துத் தலையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்கள். துண்டு தண்ணீரில் படக் கூடாதாம்.

அர்த்தநாரி என் பக்கத்தில் வந்து இறங்கினார். "தலையில துண்டா? மண்டிக்காரன் தலையில துண்டு போட்டா கடைய மூடீட்டான்னு அர்த்தமுங்க" என்று சொல்லி, தம் துண்டைப் பாறையில் வைத்தார்.

அப்போதுதான் எரியத் தொடங்கியது. முதலில் எறும்பு கடித்ததுபோல. பிறகு மிளகாயை அரைத்துப் பூசியதுபோல. நான் வாங்கியது மறைக்கிற பிளாஸ்திரி அல்ல. வலிக்கு ஒட்டுகிற சூட்டுப் பிளாஸ்திரி. வெந்நீர் பட்டதும் அது முழு ஊக்கத்தோடு வேலையைத் தொடங்கிவிட்டது. பிய்த்து எறிந்திருக்கலாம். எறிந்தால் எழுத்து தெரியும். கண்ணிலிருந்து நீர் கொட்டியது.

அர்த்தநாரி சற்று நேரம் என்னையே பார்த்தார். "அழுகாதீங்க."

"எரியுதுங்க."

"எரியத்தான் செய்யும். எத்தன வருசமானாலும் எரியும்." பெருமூச்சு விட்டார். "படிக்கற காலத்துலயா?"

"ஆமாங்க."

"வீட்டுல தெரியுமா?"

"யாருகிட்டயும் சொன்னதில்ல."

"அப்பறம் என்னாச்சுங்க?"

எரிச்சலில் பல்லைக் கடித்துக்கொண்டு உண்மையைச் சொன்னேன். "ஒண்ணு விட்டுப்போச்சு."

"விட்டுட்டே போயிருச்சா!" என்றார். தண்ணீருக்குள் என் தோளை அழுத்தினார். "விடுங்க சம்பந்தி. விடுங்க."

சம்பந்தி என்றார்.

அதன்பின் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. அவர் என்னை அக்குளில் கைகொடுத்து, ஒரு மூட்டையைப்போலத் தூக்கி வெளியே வைத்தது நினைவிருக்கிறது. தம் துண்டை உதறி என் நெஞ்சில் போர்த்தினார். காதருகே, "யாரும் பாக்கலீங்க" என்றார்.

ஓய்வறையில் நான் படுத்திருந்தபோது, ஆவியில் வெந்த முட்டைப் புட்டிங் ஒன்றை வாங்கி வந்து ஊட்டாத குறையாகக் கொடுத்தார். நான் முட்டை சாப்பிடுவதில்லை. சாப்பிட்டேன்.

திரும்பும்போது காரில் பாவாயி அம்மாள் சன்னலோரம். நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில். சிபி கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு வேனிலிடம் திரும்பிச் சிரித்தான்.

நான் ஒரு சொல்கூடப் பொய் சொல்லவில்லை. இரண்டுமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒன்றுகூட இல்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

சன்னலோரப் படுக்கையை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். காலையில் நடக்கப் போகும்போது செருப்பை எடுத்து வைத்தார். பூங்காவில், "நானும் சும்மா இல்லீங்க, எழுபத்தெட்டுல நம்மூருப் பக்கம் கோபில ஒரு டீச்சரம்மா" என்று தொடங்கி நெடுநேரம் பேசினார். அந்த டீச்சரம்மாவை அவர் பேருந்தில் இரண்டுமுறை பார்த்திருக்கிறார். அவ்வளவுதான்.

பேச்சின் நடுவே ஏழெட்டுப் பிழைகள். ஒன்றையும் தொடவில்லை.

"இது நம்ம ரெண்டு பேத்துக்குள்ள" என்று சத்தியம் செய்தார். நெஞ்சு இன்னும் எரிகிறது. ஆனாலும் நல்ல நாள். காதலித்தவனாக இருப்பது இவ்வளவு மரியாதையான தொழில் என்று தெரியாமல் போயிற்று.

அக்டோபர் 14, திங்கள்

வேனில் காப்பியை மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் போய்விட்டாள். சர்க்கரை இல்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

அர்த்தநாரி மனைவியிடம் மட்டும்தான் சொன்னாராம். மனைவி மருமகளிடம் மட்டும்தான் சொன்னாராம்.

சிபி அலுவலகம் போனதும் வேனில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். கண் வீங்கியிருந்தது.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"எதும்மா?"

"உங்க நெஞ்சில இருக்கிற பேரு."

"பார்த்திருக்கா" என்றேன். உண்மையைச் சொன்னால் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

"பார்த்துட்டு ஒண்ணும் சொல்லலையா?"

"நல்லா இருக்குன்னா."

அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும்தான் நான் சொன்னது எப்படிக் கேட்கும் என்று புரிந்தது.

"அம்மா கடைசிவரைக்கும் இதைப் பார்த்துக்கிட்டே இருந்திருக்காங்க." குரல் உடைந்தது. "நீங்க ஊருக்குக் கிளம்பிடுங்கப்பா. எனக்கு உங்களப் பாக்கவே முடியல."

வாயால் சொன்னால் நம்பமாட்டாள். எனவே சட்டைப் பொத்தானைக் கழற்றினேன்.

சமையலறையிலிருந்து அர்த்தநாரி ஓடி வந்தார். பின்னாலேயே பாவாயி அம்மாள். "வேண்டாங்க சம்பந்தி! மாசமா இருக்கற புள்ளைக்கு எதுக்குங்க அதெல்லாம்!" என்று என் கையைப் பிடித்தார். நான் விடுவித்துக்கொண்டு பனியனைத் தூக்கினேன்.

பிளாஸ்திரி எரித்த இடம் சதுரமாகச் சிவந்திருந்தது. அதனால் எழுத்துகள் முன்னைவிட எடுப்பாகவே தெரிந்திருக்கும்.

அர்த்தநாரி கண்ணாடியை மாட்டி, வாய்விட்டுப் படித்தார். "தமிழ் தாய் வாழ்க." இன்னும் ஏதாவது இருக்குமோ என்று கீழே பார்த்தார். "பொம்பள எங்கீங்க?"

"பொம்பள இல்லைங்க."

"இவ்வளவுதானா?" அவ்வளவு ஏமாற்றத்தை நான் ஒரு முகத்தில் பார்த்ததில்லை. "நான் உங்கள என்னென்னமோ நெனச்சு வெச்சிருந்தனுங்களே!"

"நல்ல வாசகந்தானுங்களே அண்ணா" என்றார் பாவாயி அம்மாள். "இதைப் போயி எதுக்கு மூடி வெக்கோணும்?"

வேனில் எழுந்து அருகே வந்தாள். உதடு அசையாமல் படித்தாள். என் மகள் அவள். முதல் சொல்லுக்கும் இரண்டாம் சொல்லுக்கும் நடுவே அவள் கண் நின்றது. அங்கேயே நின்றது. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கன்னத்தில் ஈரம் காயவில்லை, ஆனால் வாய் ஓரம் துடித்தது. மெல்லத் தலையை அசைத்தாள். சொல்லாதீர்கள் என்று அர்த்தம்.

மூடி வைத்ததற்குக் காரணம் 'வெட்கம்தான்' என்று சொல்லியிருந்தால் போதும். எல்லாம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் எதிரே அந்த மனிதர் நின்றுகொண்டிருந்தார். என் கண்ணீரை நம்பியவர். தம் துண்டை எடுத்து எனக்குப் போர்த்தியவர்.

"இதுல ஒரு த் இல்லைங்க" என்றேன்.

"எந்தத் த்துங்க?"

விரலை நெஞ்சில் வைத்து, எங்கே வரவேண்டும், ஏன் வரவேண்டும் என்று விளக்கினேன். குத்திய அம்மாள்மீது பழி போடவில்லை. எழுதிக் கொடுத்தது நான் என்றும் சொன்னேன். வகுப்பில்கூட இவ்வளவு தெளிவாக நடத்தியிருப்பேனா என்பது சந்தேகம்.

அவர் கணக்குப் போடுவதுபோல நின்றார். "அப்ப, திருமண பத்திரிகைன்னு நான் போட்டனே..."

"அதேதாங்க."

"ஆயிரத்தையும் திரும்ப அடிச்சனே..."

"ஆமாங்க."

அர்த்தநாரி அப்படியே தரையில் உட்கார்ந்தார். முதலில் வயிறு மட்டும் குலுங்கியது. சத்தமே இல்லை. நெஞ்சுவலியோ என்று பயந்துபோனேன். பிறகுதான் சத்தம் வந்தது. கீழ்வீட்டு ஜப்பானியர் கூரையைத் தட்டும் அளவுக்கு வந்தது. பாவாயி அம்மாள் "சும்மா இருங்க, பாவம்" என்று அதட்டிவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். வேனில் சோபாவில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஐயோ, அப்பா, உதைக்குது" என்று என் கையை இழுத்து வைத்தாள்.

உதைத்தது. யார் பக்கம் என்று தெரியவில்லை.

அக்டோபர் 17, வியாழன்

மருத்துவமனைக்குப் போய்வந்தோம். வேனிலின் ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது. "பாட்டி தாத்தா எல்லாரும் டிசம்பர் வரைக்கும் இருக்காங்க" என்று அவள் டாக்டரிடம் சொன்னதாகச் சிபி மொழிபெயர்த்தான். 'எல்லாரும்' என்றாளா என்று மறுபடி கேட்டு உறுதிசெய்துகொண்டேன்.

ஈரோட்டுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நேற்று அர்த்தநாரியின் தம்பி தொலைபேசியில் நலம் விசாரித்தார். 'உடம்புக்கு ஒத்துக்கிச்சுங்களா' என்று கேட்கும்போது 'த்'தில் கொஞ்சம் அழுத்தம் அதிகம் என்று தோன்றியது. எனக்குத்தான் அப்படிக் கேட்டிருக்கலாம்.

மாலையில் அர்த்தநாரி செல்பேசியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஆவி கிளம்பும் தொட்டியின் முன் நாங்கள் எல்லாரும் இட்லித் தட்டோடு நிற்கும் படம். உறவினர் குழுவுக்கு அனுப்பவேண்டுமாம். கீழே ஒரு வரி எழுதியிருந்தார்:

சம்பந்தியுடன் நரகத்துக்கு சென்று இட்லி சாப்பிட்டு நலமாக திரும்பினோம்

"பாத்துக் குடுங்க சம்பந்தி. தப்புத் தப்பா அனுப்பினா நாளைக்கு உங்க பேருந்தான கெடும்."

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தேன். 'நரகத்துக்கு' என்பதற்குப் பின் ஒரு 'ச்' போட்டேன். அவர் "ஓ" என்று தலையாட்டினார். 'நலமாக'வுக்குப் பின் ஒரு 'த்' வரவேண்டும். விரல் அந்த இடத்துக்குப் போயும் விட்டது.

"அவ்வளவுதானுங்களா?" என்றார்.

"அவ்வளவுதான். சரியா இருக்கு, அனுப்புங்க" என்றேன்.

அனுப்பிவிட்டார். அதை வேண்டுமென்றுதான் விட்டேன் என்று இங்கே குறித்து வைக்கிறேன். நாளைக்கு எனக்கே சந்தேகம் வரும்.